நோய் வந்த வீட்டுக்கு எந்த கவுன்சலிங்?

போன மாதம் அலுவலகத் தோழி ஒருத்தி சாப்பாட்டு நேரத்தில் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் கணவருக்கு வாய்ப் புற்றுநோய். கீழ்த்தாடையில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். கரண்ட் வைப்பதும் முடிந்துவிட்டது. இப்போது அவர் யார் முன்னாலும் சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். மாமியார் எல்லாவற்றுக்கும் இவளையே குறை சொல்கிறார். பதினொரு வயதுப் பையன் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

"அக்கா, கவுன்சலிங் போகலாம்னு தோணுது. ஆனா நாங்க ரெண்டு பேர் மட்டும் போறதா, எல்லாரும் சேர்ந்து போறதா, இல்ல நான் மட்டும் போனா போதுமா?"

அந்த அரைமணி நேரத்தில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் என்று 2023-இல் தெரிந்ததிலிருந்து அவர் போகும்வரை ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்தில் இந்த வழிகளில் சிலவற்றில் நாங்களே போய்ப் பார்த்திருக்கிறோம். ஒன்று நன்றாகக் கைகொடுத்தது. ஒன்று பாதி உதவியது. ஒன்றைத் தொடங்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று. அப்போது தேடித் தேடிப் படித்ததையும் சேர்த்து, அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சிகிச்சையின் பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். எங்கள் அனுபவத்தில் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: வீட்டில் யாருக்கும் யாருக்கும் நடுவே பேச்சு நின்றுபோயிருக்கிறது? கூப்பிட்டால் அவர்களில் யார் கிளம்பி வருவார்கள்? எவ்வளவு நல்ல சிகிச்சையாக இருந்தாலும் வர வேண்டியவர் வரவில்லை என்றால் அது உங்களுக்குப் பயன்படாது. எங்கள் அப்பாவை "கவுன்சலிங்" என்று சொல்லி எங்கும் கூட்டிப் போயிருக்க முடியாது. "எனக்கென்ன பைத்தியமா?" என்றுதான் கேட்டிருப்பார். அதே அப்பா, "பெரிய டாக்டரம்மா எல்லாரையும் வரச் சொல்லியிருக்காங்க" என்றதும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அரைமணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்தார்.

அப்படி எங்களைக் கூப்பிட்டது மருத்துவமனையின் பாலியேட்டிவ் பிரிவு, தமிழில் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைப் பிரிவு. எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அம்மாவை மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். நோய் தெரிந்த அன்றே அப்பா டாக்டரைத் தாழ்வாரத்துக்குத் தனியாக அழைத்துக்கொண்டு போய், "அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்று கேட்டுக்கொண்டார். நாங்களும் தலையாட்டினோம். அம்மாவிடம் "வயித்துல நீர் கோத்திருக்கு, எடுத்தாச் சரியாப் போயிடும்" என்று சொல்லி வைத்திருந்தோம். ஐந்தாவது மாதம் கட்டிலில் கிடந்தபடி அம்மா என்னிடம், "ஊருக்குப் போனா பீரோவுல இருக்கிற மொய் நோட்டை எடுத்துட்டு வா" என்றார். அப்பா எரிந்து விழுந்தார். "இப்ப எதுக்கு அது? வீட்டுக்கு வந்து பாத்துக்கலாம்." அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்புறம் இரண்டு நாள் இருவரும் பேசவில்லை.

மொய் நோட்டு எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரிவது கஷ்டம். யார் வீட்டு விசேஷத்தில் யார் எவ்வளவு செய்தார்கள், நாம் யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அது கடன் கணக்கு மாதிரிதான். அதைத் தீர்க்காமல் போவதைப் பற்றி அம்மா தனக்குள்ளேயே யோசித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

இதை நர்ஸிடம் சொன்னேன். அவர் பாலியேட்டிவ் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர், அப்பா, நான், அம்மா ஆறு பேரும் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்தோம். டாக்டர் நோயின் பெயரையே எடுக்கவில்லை. "அம்மா, உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "தெரியும் தாயி. கீமோ ஏத்துற வார்டுல வாசல்லயே எழுதியிருக்கு. எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சா இவுக ஒடஞ்சு போவாக. அதான் கேக்கல." அப்பா குனிந்தவர் நிமிரவே இல்லை. டாக்டர் அவர் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்க இவ்வளவு நாள் மறைச்சது பாசத்துலதான். இனிமே மறைக்க வேண்டாம்" என்றார். நாற்பது நிமிடத்தில் முடிந்த கூட்டம் அது. அன்று சாயங்காலமே அப்பா பஸ் பிடித்து ஊருக்குப் போய் மொய் நோட்டோடு திரும்பினார். மூன்று நாள் அம்மா சொல்லச் சொல்ல, அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் குறித்தார். நடுநடுவே, இவர் யார், அந்தக் கல்யாணத்தில் மழை பெய்ததே, என்று பழைய கதைகளும் வந்தன. அவர்கள் இருவரும் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கவலையை மறைப்பது நம் ஊர்ப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். மாரடைப்பு வந்தவர்களையும் அவர்கள் மனைவிகளையும் ஆராய்ந்து 1991-இல் காய்ன், ஸ்மித் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதியதும் இதைத்தான். மறைப்பவருக்கே அதன் பாரம் அதிகம் என்று அதில் படித்தபோது அப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இந்த வழியின் பலம் இதுதான்: செலவு அநேகமாக இல்லை, டாக்டர் கூப்பிட்டால் பெரியவர்கள் வருவார்கள், நோயைப் பற்றித் தெரிந்தவரே பேச்சை நடத்துகிறார். லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது கடைசிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தை, தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல் வலி, மன வலி, குடும்பக் கவலை எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளியின் வலி என்று சொன்னவர். அதனால் குடும்பத்தோடு பேசுவது இந்தப் பிரிவில் சிகிச்சைக்குள்ளேயே அடக்கம். குறையும் உண்டு. ஒன்று, இரண்டு கூட்டங்களோடு முடிந்துவிடும். இருபது வருடப் பகை அதில் தீராது. இன்னொன்று, "பாலியேட்டிவ்" என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொள்வது. நாங்களும் அப்படி நினைத்துத்தான் ஐந்து மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர்களைப் பார்க்கலாம் என்று முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாம். சென்னைக்காரர்களுக்கு இன்னொரு வசதி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளிகளுக்கும் குடும்பத்துக்கும் என்றே உளவியல் பிரிவு இருக்கிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஆதரவுச் சிகிச்சைக்கு நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். அவரிடம் இதையும் கேட்கத் தயங்க வேண்டாம்.

சரி, கணவன் மனைவி மட்டும் போகும் சிகிச்சை. இது எங்களுக்குப் பாதி உதவியது என்று சொன்னேன். போனவர்கள் அம்மா அப்பா இல்லை, நானும் என் கணவரும். ஒன்பது மாதத்தில் ஆறு மாதம் நான் மதுரையில் இருந்தேன், அவர் குழந்தையோடு சென்னையில். போனில் எதைப் பேசினாலும் சண்டையில் முடிந்தது. சென்னையில் ஒரு மருத்துவ உளவியலாளரிடம் போனோம். ஒரு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் வாங்கினார். மூன்று முறைதான் போக முடிந்தது. அந்த மூன்றில் நான் தெரிந்துகொண்டது ஒன்று: "எப்ப வருவே?" என்று அவர் கேட்டதெல்லாம் என்னைக் குற்றம் சொல்ல அல்ல, பயத்தில் கேட்டது. அது தெரிந்த பிறகு அந்தக் கேள்வி என்னைக் குத்தவில்லை. ஆனால் மூன்று முறை போதாது. பாதியில் விட்டதில் எனக்கு வருத்தம்தான்.

தம்பதிகளுக்கான முறைகளில் இமோஷனலி ஃபோகஸ்டு தெரபி என்று ஒன்று உண்டு. கனடாவில் 1980-களில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் உருவாக்கியது. கோபத்துக்கு அடியில் இருக்கும் பயத்தை வெளியே கொண்டுவந்து, அதை இன்னொருவரிடம் நேராகச் சொல்ல வைப்பதுதான் இதன் சாரம். டொராண்டோவில் முற்றிய புற்றுநோய் இருந்த 42 தம்பதிகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். அமர்வுகள் எட்டுதான், ஆனாலும் தம்பதிகளின் உறவு மேம்பட்டிருக்கிறது. நோயாளிக்குத் தன் துணை தன்னைப் புரிந்துகொண்டு கவனிக்கிறார் என்ற உணர்வும் கூடியிருக்கிறது. முற்றிய நோய், சில மாதங்கள்தான் இருக்கின்றன என்ற நிலையிலும் பயன் இருந்தது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். "இனிமே போய் என்ன ஆகப் போகுது" என்பதுதானே நாம் வழக்கமாகச் சொல்வது.

உடம்பைப் பற்றிய விஷயங்களை இந்த அறையில்தான் பேச முடியும். மார்பகம் எடுத்த பிறகு, மலம் போக வயிற்றில் பை வைத்த பிறகு, முகம் மாறிய பிறகு, இருவருக்கும் நடுவே நடப்பதை மாமியாரையும் பையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஆபரேஷன் முடிந்து வந்த மனைவிக்குக் கை பட்டால் வலிக்குமே என்று கணவர் பாயை விரித்துக் கீழே படுத்துக்கொண்டார். அருவருப்பில் விலகிவிட்டார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஒரு வருடம் அப்படியே ஓடியது. இப்படிப்பட்ட முடிச்சை அவிழ்க்கக் குடும்பமே கூடும் கூட்டம் உதவாது.

நோயாளி பெண் என்றால் இதை இன்னும் சீக்கிரம் யோசிக்க வேண்டும் என்பேன். அமெரிக்காவில் மூளைக்கட்டி, வேறு புற்றுநோய்கள், மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்த 515 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-இல் வந்தது. நோயாளி ஆணாக இருந்த வீடுகளில் பிரிந்தவர்கள் 2.9 சதவீதம், பெண்ணாக இருந்த வீடுகளில் 20.8 சதவீதம். நம் ஊரில் விவாகரத்துக் கணக்கில் இது வராது. "கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இருந்து உடம்பைத் தேத்திக்கோ" என்று அனுப்பிவிட்டு, அப்புறம் கூப்பிடாமலே விட்டுவிடுவார்கள். மருத்துவமனை வாசல்களில் நான் இதைப் பார்த்திருக்கிறேன்.

தனியாரிடம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். அதைக் கேட்பதில் தப்பில்லை. நோயாளிகளின் குடும்பங்களோடு வேலை செய்திருக்கிறீர்களா என்றும் கேளுங்கள். நாங்கள் முதலில் போன ஒருவர், "பாசிட்டிவா இருங்க" என்பதையே ஒரு மணி நேரம் சொல்லி அனுப்பினார். அங்கே மறுபடி போகவில்லை.

அடுத்தது, குடும்பம் முழுவதும் வாரக்கணக்கில் சேர்ந்து போகும் குடும்ப சிகிச்சை. நாங்கள் தொடங்காமல் விட்டது இதுதான், காரணம் என் தம்பி. திருப்பூரில் இருக்கிறான். அம்மாவின் நகையை அடகு வைத்ததில் அப்பாவோடு பெரிய தகராறு, முகம் பார்த்துப் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தால் சரியாகிவிடும் என்று நான் ஆசைப்பட்டேன். அந்தச் சமூகப் பணியாளர்தான், "இப்ப வேண்டாம், தம்பியைத் தனியா வந்து அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்க" என்றார். அப்போது எனக்குக் கோபம் வந்தது.

அவர் சொன்னதற்கு ஆதாரம் உண்டு என்று பிறகுதான் படித்தேன். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் டேவிட் கிஸேன் என்ற மனநல மருத்துவரின் குழு, நோயாளி உயிரோடு இருக்கும்போதே தொடங்கி அவர் இறந்த பிறகும் தொடரும் குடும்ப சிகிச்சையை 81 குடும்பங்களிடம் சோதித்தது. முடிவு 2006-இல் வெளியானது. ஒவ்வொரு அமர்வும் ஒன்றரை மணி நேரம், நான்கு முதல் எட்டு அமர்வுகள், ஒன்பது முதல் பதினெட்டு மாதத்துக்குள். தொடக்கத்திலேயே கேள்வித்தாள் கொடுத்து, எந்தக் குடும்பம் எப்படிப் பழகுகிறது என்று பிரித்துக்கொண்டார்கள். உள்ளே புழுங்கிக்கொண்டு வெளியே பேசாமல் இருந்த குடும்பங்கள் தேறின. வெளிப்படையான பகை இருந்த குடும்பங்களில் மனச்சோர்வு குறையவில்லை. எங்கள் வீடு இரண்டாவது வகை. அந்த அறையில் நகைப் பேச்சு வந்திருந்தால், அம்மா பார்த்த கடைசிக் காட்சிகளில் அதுவும் ஒன்றாகியிருக்கும். தம்பி தனியாக வந்தான். அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டுப் போனான். அப்பாவோடு பேசவில்லை. அவ்வளவுதான் முடிந்தது.

ஆனால் இதை வேண்டாம் என்று ஒதுக்கிவிடவும் மாட்டேன். நோயின் போக்கைப் பொறுத்து இதன் மதிப்பு மாறுகிறது. திடீரென்று வந்ததா, மெல்ல வளர்ந்ததா, எத்தனை வருடம் இழுக்கும், எதை முடக்கும் என்பதை வைத்துத்தான் குடும்பத்தின் பாடு இருக்கிறது என்று ஜான் ரோலண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் விளக்குகிறார். வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம், அதுவும் வருடக்கணக்கில் என்றால் யார் கூட்டிப் போவது, யார் லீவு போடுவது, யார் செலவைப் பார்ப்பது என்பதை எல்லாரும் உட்கார்ந்து பேசாமல் தீராது. மறதி நோயும் அப்படித்தான். பாரம் முழுவதும் ஒரு மருமகள் தலையில் விழுந்திருக்கும், அவள் படுக்கும்வரை யாருக்கும் தெரியாது. இந்த மாதிரி நீண்ட நோய்களுக்கு முழுக் குடும்ப சிகிச்சைதான் என் முதல் தேர்வு. குடும்பத்தையே சிகிச்சைக்குள் கொண்டுவருவது நமக்குப் புதிதும் இல்லை. மனநோய்க்காக வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு உறவினரும் தங்கும் முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் குடும்ப சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

எதுவானாலும், வீட்டில் அடிதடி இருந்தால், குடித்துவிட்டு வந்து கை நீட்டுபவர் இருந்தால், சேர்ந்து உட்காரும் எந்தச் சிகிச்சையும் வேண்டாம். அங்கே பேசியதற்கு வீட்டில் அடி விழும். தனித்தனியாகத்தான் போக வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்று யாராவது பேசினால் அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கவனித்துக்கொள்பவர் தனியாகப் போவதைப் பலரும் சுயநலம் என்று நினைக்கிறார்கள். வீட்டில் வேறு யாருமே வரமாட்டார்கள் என்றால் அந்த ஒருவர் போவதே போதும், அதில் வீடும் கொஞ்சம் மாறும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, பணம் கட்ட வேண்டியதில்லை. இரவில் தாங்க முடியாமல் போனால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் வந்தது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அம்மாவுக்கு மூச்சு வாங்கிய ஒரு ராத்திரி, வார்டு வராந்தாவில் உட்கார்ந்து நான் பேசியிருக்கிறேன். எதிர்முனையில் இருந்த பெண் என்னை அழவிட்டார், அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் எடுப்பார் என்பதால் தொடர்ச்சி இருக்காது. அந்த நேரத்துக்கு அது போதும்.

ஆதரவுக் குழுக்களைப் பற்றி எனக்குப் பெரிய அனுபவம் இல்லை. மருத்துவமனை வேப்பமரத்தடியில் மற்ற நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்களோடு பேசியதுதான் எங்கள் குழு. வாய்ப்புண்ணுக்கு எதைக் கொடுப்பது, காப்பீட்டுக்கு எந்தக் கவுண்டர் என்பதெல்லாம் அங்கே கற்றோம். ஆனால் பக்கத்துக் கட்டில் ஆள் போய்விட்டார் என்ற செய்தியும் அங்கேதான் முதலில் வரும், அன்று இரவு தூக்கம் போகும்.

தோழியின் வீட்டுக்கு வருகிறேன். அங்கே பேச்சு மூன்று இடத்தில் நின்றிருக்கிறது. மூன்றையும் ஒரே அறையில் போட்டுக் குழப்ப வேண்டாம் என்றேன். முதலில் ஆஸ்பத்திரியின் பாலியேட்டிவ் பிரிவில் ஒரே ஒரு குடும்பக் கூட்டம். மாமியார் அதற்குத்தான் வருவார். மகனுக்கு வந்த நோய்க்கு மருமகள் காரணம் இல்லை என்பதை டாக்டர் வாயால் அவர் கேட்க வேண்டும். அதே கூட்டத்தில் பையனிடம் என்ன சொல்வது என்றும் கேட்டுக்கொள்ளலாம். அவனுக்கு எதுவும் தெரியாது என்று நினைப்பதுதான் தப்பு. அப்புறம் அவளும் கணவரும் மட்டும் ஒரு எட்டு முறையாவது. அவருக்குப் பேச்சு தெளிவில்லை என்று தயங்கினாள். எழுதிக் காட்டட்டும், நேரம் கூட வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடு என்றேன். குடும்பம் முழுக்கப் போவதை இப்போதைக்குத் தள்ளிவைக்கச் சொன்னேன்.

நேற்று செய்தி அனுப்பியிருந்தாள். அந்த ஓ.பி. புதனும் வெள்ளியும்தானாம், ஒன்பது மணிக்கு டோக்கன். மாமியாரிடம் சொன்னதற்கு, "டாக்டர் கூப்பிட்டா வராம என்ன?" என்றாராம். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு, அதற்கு முன்னால் போய்விடலாமா என்று மட்டும் கேட்டாராம்.